லயத்துக்காரர்கள் கேட்ட கையெழுத்து

1. காலிப் பாரங்கள்

செல்வி என் மேஜைமேல் வைத்த காகிதக் கட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. மேலே இருந்த பாரத்தை, அதாவது ஃபார்மை, எடுத்தேன், காலி. நடுவிலிருந்து ஒன்றை உருவினேன், அதுவும் காலி. பெயர், வயது, எந்த டிவிஷன் என்பதெல்லாம் அழகாக நிரப்பியிருந்தது. கீழே கையெழுத்துப் போடும் கோட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. மிட்-டேர்ம் ரிவியூ அடுத்த வாரம்.

"என்னம்மா இது? காலியா வெச்சிருக்கே?"

"யாரும் ஒப்பு போடல மேடம்."

"யாரும்னா?"

"ஒருத்தரும். எங்க அத்தைகூட."

ஒப்பு என்றால் கையெழுத்து. திருவனந்தபுரத்தில் தமிழ் பேசுகிற நாங்களும் அப்படித்தான் சொல்வோம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அது செக்‌ஷனில் எல்லாருக்கும் தெரியும். "பின்னே இத்தனை மாசம் மலைமேல என்ன பண்ணிண்டிருந்தே?" என்று சத்தம் போட்டேன். பக்கத்து மேஜைகளில் தலைகள் திரும்பின. செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, மொதல்ல ஒக்காரு. சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

ரிசர்ச் செக்‌ஷன்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், ஆகவே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது நகரத்தில் பொது நிர்வாகம் சம்பந்தமான ஒரு ஆராய்ச்சி நிறுவனம். பெயர் வேண்டாம். கரமனையில் என் வீடு. பஸ் பிடித்துப் போய், ரிட்டயர் ஆகும்வரை பெரும்பாலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பி.எச்.டி. முடித்துச் சில வருஷங்களே ஆனவர்களுக்கு ஆய்வு செய்ய நாங்கள் கிராண்ட் கொடுப்போம். இரண்டு இன்ஸ்டால்மென்ட். நடுவில் ஒரு ரிவியூ. அதில் கமிட்டி திருப்தி ஆனால் இரண்டாவது இன்ஸ்டால்மென்ட் ரிலீஸ் ஆகும். இல்லையென்றால் ஃபைலில் 'கேன்சல்டு' என்று விழும். ஒரு தடவை அப்படி விழுந்தவரை வேறு எந்த நிறுவனமும் தொடாது. செல்வி மாதிரி கெஸ்ட் லெக்சரராக வருஷத்துக்கு வருஷம் ரினியூவலுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அதோடு கதை முடிந்த மாதிரிதான்.

செல்வி பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் பிறந்த பெண். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். அப்பாவின் அப்பா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். அந்த லயங்களில் வேலை ஓய்ந்த பெண்கள் பலர், கிடைக்கக்கூடிய முதியோர் பென்ஷனுக்குக்கூட அப்ளை பண்ணுவதே இல்லை. ஏன் என்பதுதான் அவளுடைய ஆய்வு. தூரம், பஸ் இல்லாமை, பாரமெல்லாம் மலையாளத்தில் இருப்பது என்று மூன்று காரணங்களை ப்ரொபோசலில் எழுதியிருந்தாள். கமிட்டிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆனால் யாரிடம் பேசினாலும், 'பேச எனக்குச் சம்மதம்' என்று அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த கன்சென்ட் ஃபார்ம் வேண்டும். அது இல்லாவிட்டால் அவர்கள் சொன்னது டேட்டா ஆகாது.

"பேசவே மாட்டேங்கறாளா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் நல்லாப் பேசுவாங்க மேடம். கட்டன்சாயா போட்டுத் தந்து மணிக்கணக்காப் பேசுவாங்க. பேனாவ எடுத்தா மட்டும் கை முந்தானைக்குள்ள போயிடும்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டா, 'அது வேண்டாம் புள்ள'ன்னு மட்டும் சொல்றாங்க. என்னத் தூக்கி வளத்தவங்க மேடம் எல்லாரும். இப்ப இந்த டேக்கக் கழுத்துல போட்டுட்டுப் போனா எந்திரிச்சு நிக்காங்க. நாற்காலி எடுத்துப் போடுறாங்க. எனக்கு அதுதான் தாங்கல."

கழுத்தில் தொங்கிய எங்கள் நிறுவனத்தின் ஐ.டி. கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நான் கேன்டீனிலிருந்து இரண்டு காபி வரவழைத்தேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

2. பத்து விரல்

கிராண்ட் வேலைகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டர் பினு அந்தப் பக்கம் வந்தான். மலையாளிப் பையன், எங்கள் செக்‌ஷனில் இருந்து இருந்து தமிழ் நன்றாகவே வரும். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு ஃபைல் திறந்திருந்தால் தூக்கம் வராது, எப்படியாவது மூட வேண்டும்.

கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா செல்வி கண்ணக் கசக்குறது? ஒரு ஸ்டாம்ப் பேட் வாங்கிக்கோ. பத்து விரல் உண்டல்லோ?" என்றான்.

செல்விக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆராய்ச்சி உலகத்தில் இது ஒரு ரகசியமே இல்லாத ரகசியம். ஃபீல்டில் விட்டுப்போன கைநாட்டை ஹாஸ்டல் அறையிலோ கேன்டீனிலோ உட்கார்ந்து தாங்களே உருட்டி வைத்துவிடுவார்கள். ஒரு பையன் பாரங்களைக் கொடுக்க வந்தபோது அவன் விரலெல்லாம் நீலமாக இருந்தது. "ஏண்டாப்பா, மொதல்ல கையை அலம்பு, அப்புறம் நிஜமாப் போய் வாங்கிண்டு வா" என்று கட்டோடு திருப்பி அனுப்பினேன். வேறு சிலர் என்னைவிடச் சாமர்த்தியசாலிகளாக இருந்திருக்கலாம்.

பினு விளக்கினான். "நீ பேசினது சத்தியம், அவங்க பேசினது சத்தியம். ஒப்பு ஒரு ஃபார்மாலிட்டி. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"டேய் பினு, வாயை அலம்பிண்டு வா" என்றேன்.

"அல்ல மேடம், பின்னே எந்தா செய்யா? கேன்சல் ஆனா இவளுக்குத்தானே போகும்?"

அவன் சொன்னதில் இருந்த நியாயம்தான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. நிஜமாகவே போகப்போவது அவளுக்குத்தான். எனக்கு மாசமானால் சம்பளம் வந்துவிடும்.

செல்வி ஒரு பாரத்தை எடுத்து, அதில் இருந்த பெயரை விரலால் தடவினாள். பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"இது எங்க அத்தை பேரு சார். எங்கம்மா செத்த பெறகு எனக்குச் சோறு போட்டது இவங்கதான். அவங்க போடமாட்டேன்னு சொன்னத நான் போட்டா, பெறகு நான் எந்த முகத்தோட மேல போவேன்?"

பினு கட்டை நேராக்கி அடுக்கி வைத்துவிட்டு, "சரி, அப்படியே கொண்டு போ. வரது வரட்டும்" என்று போனான்.

3. ரிவியூ

கமிட்டியின் சேர்மன் குறுப்பு சார். அரசாங்கத்தில் பெரிய செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஃபைல் நோட்டில் ஒரு கமா விட்டுப்போனாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவருக்கு ஃபைல் புட்-அப் பண்ணும் நாளில் நான் வீட்டில் சாமிக்கு ஒரு விளக்கை ஏற்றிவிட்டுத்தான் வருவேன். அவர் பேசியது மலையாளம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

கான்ஃபரன்ஸ் ஹாலில் செல்வியின் முறை வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். தன் கணக்கை மறைக்காமல் சொன்னாள். இத்தனை வீடு போனேன், இத்தனை பேர் பேசினார்கள், ஒருவரும் ஒப்பு போடவில்லை.

ஒரு மெம்பர் பேனாவை மூடினார். "கன்சென்ட் இல்லாத டேட்டாவை நாம் அக்செப்ட் பண்ண முடியாது. நல்ல டாபிக்தான், வருத்தமாக இருக்கிறது."

குறுப்பு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் ஒப்போடுதான் வருகிறார்கள். குட்டி மட்டும் ஏன் வெறுங்கையோடு வந்திருக்கிறாய்?" குட்டி என்றால் அங்கே பிள்ளை.

"சார், ஒப்போட வர்றது எளுப்பம்" என்றாள் செல்வி. எளுப்பம் என்றால் சுலபம். "அவங்க போடல. அதான் கொண்டுவரல."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பினு தரையைப் பார்த்தான். இதற்கும் வட்டம் போடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"நான் ஒரு தடவை நேரில் பார்க்கட்டும்" என்றார். "கேன்சல் பண்ணுவதாக இருந்தாலும் பார்த்துவிட்டுப் பண்ணலாம். ஆனால் குட்டியே மொழிபெயர்க்கக் கூடாது, அது சரியல்ல. நம் ஆபீஸில் தமிழ் தெரிந்தவர் யார்?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மலைப்பாதை என்றாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். அந்த நேரத்தில் அதைச் சொல்ல வாய் வருமா?

4. முதல் ஆளாகப் போட்டவள்

ஜீப்பில் போனோம். விதுரை தாண்டி ஹேர்பின் வளைவுகள் ஆரம்பித்ததும் நான் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தவள், மேலே போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை. குறுப்பு சார் முன்சீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். செல்வி என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அவளுடைய அத்தை பேச்சியம்மாள் வாசலில் நின்றாள். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். குறுப்பு சாருக்கு நாற்காலி போட்டாள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அக்கம்பக்கத்துப் பெண்கள் பலர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். பால் விடாத கட்டன்சாயா வந்தது. மலையேறி வந்த எனக்கு அது அமிர்தம்.

"வாங்கோ, எல்லாரும் கிட்டக்க வந்து ஒக்காருங்கோ" என்று நான் ஆரம்பித்ததும் பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள்.

"மேடம் கோயில்காரவுக மாதிரில்லா பேசுதிய!"

"பின்னே, எங்காத்துல எல்லாரும் கோயில் உத்தியோகம்தான்" என்றேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் பேச்சு தானாக நடந்தது.

குறுப்பு சார் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். பென்ஷனுக்கு ஏன் எழுதிக் கொடுப்பதில்லை? வில்லேஜ் ஆபீஸ் தூரமா?

"பஸ்ஸு கெடக்கட்டும் ஐயா. இத்தன வருசம் கொழுந்து எடுக்க மேடு ஏறுன காலு, ஆபீசுக்கு நடக்காதா?"

மலையாளம்தான் பிரச்சினையா?

"மலையாளத்துக்கு என்ன? எம் பேரன் எங்கூட மலையாளத்துலதான் சண்ட போடுதான். நானும் அதுலதான் திருப்பி ஏசுவேன்."

செல்வியின் ப்ரொபோசலில் இருந்த மூன்று காரணமும் அவ்வளவில் முடிந்தது. செல்வி நோட்டை மூடிவிட்டாள். குறுப்பு சார் முன்னால் குனிந்து, நான் மொழிபெயர்க்கக் காத்திராமல் அவரே கேட்டார். "பின்னே எந்தா அம்மே காரணம்?"

பேச்சியம்மாள் செல்வியைப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆபீசுலயும் இதத்தான கேக்காவ. இங்க ஒரு கையெழுத்துப் போடுன்னு."

அதற்கப்புறம் அவள் சொன்னதை என்னால் அப்படியே மொழிபெயர்க்க முடியவில்லை. நடுவில் விட்டு விட்டுத்தான் சொன்னேன். அவள் இளவயசாக இருந்தபோது லயத்தில் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். எல்லாரிலும் முதலில் தன் பெயரை எழுதக் கற்றவள் பேச்சியம்மாள். லயமே அவளைக் கொண்டாடியது. கொஞ்ச நாள் கழித்து ஒருத்தன் காகிதக் கட்டோடு வந்தான். ரேஷனுக்குக் கணக்கெடுப்பு, எல்லாரும் கையெழுத்துப் போடணும் என்றான். காகிதத்தில் இருந்த எழுத்து அவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

"வாசிக்கத் தெரியல. ஆனா எம் பேரு எழுதத் தெரியும்லா? அந்தப் பெருமையில முதல் ஆளா நான் போட்டேன். நான் போட்டதப் பாத்துட்டு எல்லாரும் போட்டாவ. எழுதத் தெரியாதவ கைநாட்டு வச்சா. பெறகு பாத்தா, எங்களுக்குப் பெர்மனென்ட் வேல வேண்டாம்னு நாங்களே எழுதிக் குடுத்திருக்கோம்னு சொல்லிட்டாவ. அன்னையிலிருந்து தினக்கூலிதான்."

சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் செல்வியிடம் திரும்பினாள். "ஒங்கம்மையும் போட்டா. நான் போட்டேன்னுதான் போட்டா. அவ ஒருநாளும் என்ன ஒரு வார்த்த சொன்னதில்ல. ஒங்கிட்டயும் சொல்லலேல்லா? எனக்குத் தெரியும் புள்ள. அதுக்கப்புறம் நான் எதுலயும் எம் பேர எழுதல. நான் போடலன்னா இங்க யாரும் போடமாட்டாவ."

செல்வி எழுந்து போய் அத்தையின் மடியில் தலையை வைத்தாள். டேக், நோட், கமிட்டி எதுவும் அவளுக்கு அப்போது நினைவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுப்பு சாரிடம் மீதியைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. வாசிக்கத் தெரியாத காகிதம்

கொஞ்சம் கழித்து அவர்தான் வேலைக்குத் திரும்பினார். ரூலில் ஒரு இடம் இருக்கிறது, கையெழுத்துப் போட விரும்பாதவர்களிடம் வாய்ச் சம்மதம் வாங்கலாம், சாட்சி ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அதை நான் பெண்களுக்குச் சொன்னேன்.

பேச்சியம்மாள் கேட்டாள். "அப்ப நாங்க போடாண்டாம். நீங்க போடுவியளா?"

"சாட்சியா நான் போடறேன்" என்றேன்.

"அதில்ல மேடம். அது ஒங்க ஆபீசுக்கு. எங்க கையில என்ன இருக்கு? நாங்க சொன்னத வச்சு எங்க வீட்டுக்கோ கூலிக்கோ ஒண்ணும் வராதுன்னு நீங்க எழுதித் தாங்க. அந்த ஐயா போடட்டும்."

"நான் எழுதிப் போட்டுத் தரேன் அத்தை" என்றாள் செல்வி.

"நீ போட்டா என்ன பிரயோஜனம்? நீ எங்க புள்ள. பெரியவரு போடணும்."

சுவரோரம் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அவ்வளவு நேரம் முந்தானைக்குள் இருந்த கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததைப் பார்த்தேன்.

செல்வி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தரையில் உட்கார்ந்து, பெண்கள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினாள். இவர்கள் சொன்னது ஆராய்ச்சிக்கு மட்டும். இவர்கள் பெயர் வெளியே வராது (நானும் இங்கே பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்). இந்தக் காகிதத்தால் இவர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் காசுக்கும் ஒரு கெடுதலும் வராது. எழுதி முடித்துப் பேனாவோடு குறுப்பு சாரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். தாளை மேலும் கீழும் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"லலிதா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இதில் என்ன எழுதியிருக்குன்னு தெரியாமல் நான் எப்படி ஒப்பு போடுவது? ஆபீஸுக்குக் கொண்டுபோய், டிரான்ஸ்லேட் பண்ணி, லீகல் செக்‌ஷனில் ஒரு தடவை காட்டிவிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். அவர் பேசிய மலையாளம் அங்கிருந்த எல்லாருக்கும் புரியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தாள். கேலியாக இல்லை, உடம்பு வலிக்கும் ஆளைப் பார்த்து இன்னொரு வலிக்காரி சிரிப்பாளே, அப்படி. "பாத்தியளா, ஐயாவுக்கும் பயந்தான்!" என்றாள். லயம் முழுக்கச் சிரித்தது.

குறுப்பு சாரின் காது சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "ஆமாம் அம்மே, பேடியாயிட்டு" என்றார். பேடி என்றால் மலையாளத்தில் பயம். "வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு இதே பேடிதான். வாசிக்காமல் ஒன்றிலும் போட்டதில்லை. லலிதா, நீ வாசி."

நான் ஒவ்வொரு வரியாக வாசித்து மலையாளத்தில் சொன்னேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியிருப்பது இவ்வளவுதானே? வேறொன்றும் இல்லையே?"

"இவ்வளவுதான் சார்."

"உன்னை நம்பிப் போடுகிறேன்."

போட்டார். கீழே நான் போட்டேன், செல்வி போட்டாள். பேச்சியம்மாள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "மேடம், ஒங்க போன் நம்பரையும் எழுதுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஒங்கள எங்க போய்த் தேட?"

எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

6. பிறகு

கிராண்ட் கேன்சல் ஆகவில்லை. ஜீப்பில் இறங்கி வரும்போதே குறுப்பு சார் என்னிடம் நோட்டுக்கு டிக்டேஷன் கொடுத்தார், நான் எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலும் பேனாவை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு எழுதினேன். வாய்ச் சம்மதம் ஏற்கப்பட்டது, இரண்டாவது இன்ஸ்டால்மென்ட் ரிலீஸ் செய்யலாம். கமா எல்லாம் அவரே சொன்னார்.

செல்வி ரிப்போர்ட்டில் பழைய மூன்று காரணத்தையும் தூக்கிவிட்டாள். பென்ஷன் பாரத்தில் அவர்களைத் தடுப்பது தூரமோ மொழியோ இல்லை, கையெழுத்துக் கோடு என்று எழுதினாள். அந்த ரிப்போர்ட் நன்றாகப் பேசப்பட்டது. நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை, வேறொரு காலேஜில் கான்ட்ராக்ட். விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கிடைக்கும், கிடைக்காமல் எங்கே போகும்? பினு இப்போது புதிய ஸ்காலர்களிடம் முதல் நாளே சொல்கிறானாம், "ஒப்பு கிடைக்கலன்னா காலியாவே கொண்டுவா, நமக்கு வழி உண்டு" என்று. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

நான் கற்றுக்கொண்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தரிடம் கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை அவர் பாஷையில் வாசித்துக் காட்டுங்கள். நீங்களும் ஒன்றில் போட்டு அவர் கையில் கொடுங்கள், உங்கள் நம்பரோடு. அதைச் செய்ய உங்கள் கை தயங்கினால், அவர் கை ஏன் தயங்குகிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும். எந்த ரூலிலும் இது கிடையாது. இருந்தாலும் செய்யுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"மேடம், பேச்சியம்மா. ஓர்ம இருக்கா?"

"மறக்கற மூஞ்சியா ஒங்களுது! சொல்லுங்கோ, என்ன ஆச்சு? ஒண்ணும் கெடுதல் இல்லையே?" ஒரு நிமிஷம் எனக்குப் பகீரென்றது. என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறதே.

"கெடுதலா? வில்லேஜ் ஆபீசர் இன்னைக்கி லயத்துக்கே வந்திருக்காரு. ஒங்க பெரிய ஐயாதான் போன் போட்டாராம். செல்வி கூட நின்னு பாரத்த வரி வரியா வாசிச்சுச்சு. நான் சொன்னேன், 'சாறே, எங்க பாரத்த வாங்கிக்கிட்டேன்னு மொதல்ல நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க'ன்னு. முழிச்சாரு. உள்ள போயி ஐயா போட்ட காகிதத்த எடுத்துட்டு வந்து காட்டுனேன். பெறகு பேசாமப் போட்டாரு."

"அப்புறம்?"

"பெறகு நான் போட்டேன் மேடம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். போனில் பின்னாலிருந்து பெண்களின் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் எனக்குப் பின்னாலதான் நிக்காவ" என்றாள் பேச்சியம்மாள். "இத்தன வருசம் ஆச்சு மேடம். ஆனா எம் பேரு எனக்கு மறக்கல."